உள்நாட்டுத் தொழில்நுட்பம்: யாருடைய தண்ணீருக்கு?

(மார்ச் 21 அன்று பம்மலில் மாணவர்களும் இளைஞர்களும் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நேற்று மார்ச் 20. 1927ஆம் ஆண்டு இதே நாளில்தான் மகாராட்டிரத்தின் மகத் நகரில் அண்ணல் அம்பேத்கர் சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீரை அள்ளிக் குடித்தார். நாளை மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள். நாளைக்குக் கல்லூரிகளில் கோலப் போட்டி, பேச்சுப் போட்டி, உறுதிமொழி எல்லாம் நடக்கும். நேற்று எத்தனை கல்லூரிகளில் மகத் பற்றிப் பேசினார்கள் என்று உங்களுக்கே தெரியும். இந்த இரண்டு நாட்களுக்கும் நடுவில் இன்று நாம் கூடியிருப்பது பொருத்தமானது. எனக்குக் கொடுத்த தலைப்பு, "நாட்டின் தண்ணீர்ப் பிரச்சினையும் உள்நாட்டு ஆராய்ச்சியும்". இந்தத் தலைப்பை மகதிலிருந்து தொடங்கிப் பேசினால்தான் சரியாக இருக்கும்.

மகதில் என்ன நடந்தது? குளத்தை எல்லோருக்கும் திறந்துவிடலாம் என்று பம்பாய் சட்டமன்றம் 1923இலேயே தீர்மானம் போட்டுவிட்டது. மகத் நகராட்சியும் ஏற்றுக்கொண்டது. நம் சென்னை மாகாணத்திலும் 1924இல், இதே செங்கல்பட்டு மண்ணில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன், பொதுச் சாலைகளும் கிணறுகளும் குளங்களும் எல்லோருக்கும் உரியவை என்று சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தார். தீர்மானம் தாளில் இருந்தது, தண்ணீர் எட்டவில்லை. அதனால்தான் அண்ணல் குளத்துக்குப் போனார்.

அவர் குடித்துவிட்டு வந்த பிறகு ஆதிக்க சாதியினர் குளத்தைச் 'சுத்தம்' செய்தார்கள். 108 பானைத் தண்ணீரை வெளியே எடுத்தார்கள். பால், தயிர், சாணம், கோமூத்திரம் நிறைத்த பானைகளைக் குளத்தில் அமிழ்த்தி மந்திரம் ஓதினார்கள். தண்ணீர் சுத்தமாகிவிட்டது என்று அறிவித்தார்கள். ஆக, இந்த நாட்டிலும் ஒரு நீர்ச் சுத்திகரிப்புத் தொழில்நுட்பம் இருந்தது. முழுக்க முழுக்க உள்நாட்டுத் தயாரிப்பு! சாணம் கலந்தால் சுத்தம், மனிதர் தொட்டால் அசுத்தம்.

சிரிக்கலாம். ஆனால் இதற்குள் ஒரு பெரிய கேள்வி இருக்கிறது. எது அழுக்கு, எது சுத்தம், எது பிரச்சினை என்று முடிவு செய்பவர் யார்? அதை முடிவு செய்பவர்தான் எந்த ஆராய்ச்சி தேவை என்பதையும் முடிவு செய்வார். உள்நாட்டு ஆராய்ச்சி வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. கட்டாயம் வேண்டும். ஆனால் 'நாட்டின் தண்ணீர்ப் பிரச்சினை' என்று சொல்லும்போது அந்த 'நாட்டில்' நாகல்கேணி இருக்கிறதா, வேங்கைவயல் இருக்கிறதா, மலக்குழிக்குள் இறங்கும் மனிதர் இருக்கிறாரா என்று கேட்டுவிட்டுத்தான் கைதட்ட வேண்டும்.

குரோம்பேட்டை என்ற பெயர்

தூரத்துக்குப் போக வேண்டாம். நம் பக்கத்து ஊரின் பெயரையே எடுத்துக்கொள்வோம். குரோம்பேட்டை. 'குரோம் லெதர்' என்ற தோல் தொழிற்சாலையால் வந்த பெயர் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். அந்தக் குரோம் தோல் சென்னைக்கு எப்படி வந்தது என்பதும், அது ஒரு தண்ணீர்க் கதை என்பதும் பலருக்குத் தெரியாது.

அதற்கு முன்பு இங்கே தோல் பதனிடப்பட்டது ஆவாரம்பட்டையாலும் கடுக்காயாலும்தான். சுண்ணாம்பில் எத்தனை நாள் ஊற வேண்டும், பட்டைச் சாறு எந்தப் பதத்தில் இருக்க வேண்டும் என்பதெல்லாம் வேதியியல். அந்த வேதியியலைக் கையில் வைத்திருந்தவர்கள் சேரி மக்கள். ஆனால் அதற்கு 'அறிவு' என்று பெயரில்லை, 'ஈனத் தொழில்' என்று பெயர்.

1903 வாக்கில் ஆல்பிரட் சாட்டர்டன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் அரசுச் செலவில் சென்னையில் குரோமியத்தால் தோல் பதனிடும் சோதனையைத் தொடங்கினார். அந்தத் தோலுக்கு அவர் கண்ட முக்கியமான பயன் என்ன தெரியுமா? செருப்பு மட்டுமல்ல. கிணற்றிலிருந்து மாடு கட்டி இறைக்கும் கவலைக்கான தோல் பை. பட்டையில் பதனிட்ட தோல் தண்ணீரில் கிடந்து சீக்கிரம் கெட்டுவிடும், குரோம் தோல் தாங்கும். உழவர்களின் நீர்ப்பாசனத்துக்காக இங்கேயே நடந்த ஆராய்ச்சி அது. தனியார் வணிகர்கள் எதிர்த்தார்கள். அரசு தொழில் நடத்தக் கூடாது என்று 1910இல் லண்டனிலிருந்து மார்லி பிரபு முட்டுக்கட்டை போட்டார். அரசு பின்வாங்கியது, தனியார் தொழிற்சாலைகள் வளர்ந்தன. பல்லாவரம், நாகல்கேணி, பம்மல் வட்டாரம் டேனரி வட்டாரமானது.

அந்தக் கவலைப் பையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். தோலை உரித்தவரும் பதனிட்டவரும் தைத்தவரும் தீண்டத்தகாதவர். அவர் தைத்த பை கிணற்றுக்குள் போகலாம். அது மொண்டு வரும் தண்ணீர் ஆண்டையின் வயலுக்குப் பாயலாம். அவர் மட்டும் அந்தக் கிணற்றில் ஒரு குடம் மொள்ளக் கூடாது. இந்த நாட்டின் தண்ணீர்த் தொழில்நுட்ப வரலாற்றை ஒரே வரியில் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்: கருவி செய்தவருக்குத் தண்ணீர் இல்லை.

ஆய்வு நடந்தது, செய்தி வரவில்லை

குரோம் தோலால் நமக்கு என்ன வந்தது? பச்சைத் தோல் கெடாமலிருக்க உப்புப் போடுகிறார்கள். டேனரிக்கு வந்ததும் அந்த உப்பை ஊறவைத்துக் கழுவுகிறார்கள். பிறகு சுண்ணாம்பு, சல்பைடு, குரோமிய உப்பு. ஒரு கிலோ தோலுக்கு ஏறக்குறைய 35 லிட்டர் தண்ணீர் என்று உச்ச நீதிமன்றமே ஒரு தீர்ப்பில் குறிப்பிட்டது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டில் வந்த தீர்ப்பு அது. அந்த வழக்கின் டேனரிப் பட்டியலில் அன்றைய செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டமும், அதாவது நாமும், இருந்தோம். டேனரி வட்டாரங்களில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ கெட்டுப்போனது என்ற வேளாண் பல்கலைக்கழக ஆய்வும் அந்தத் தீர்ப்பில் இடம்பெற்றது. அழுக்காக்கியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாடு இந்தியச் சட்டத்தில் உறுதியானது அந்த வழக்கில்தான்.

குரோமியத்தைக்கூடப் பெருமளவு பிரித்தெடுத்துவிடலாம். உப்பு அப்படியல்ல. கழிவுநீரில் பாக்டீரியாவை வளர்த்து அழுக்கைத் தின்ன வைக்கும் சாதாரணச் சுத்திகரிப்பில் உப்பு நீங்காது. அப்படியே நிலத்துக்குள் இறங்கும். நம் பகுதியின் நிலத்தடி நீரில் உப்பும் குரோமியமும் மிகுந்திருப்பதை அண்ணா பல்கலைக்கழக நிலவியல் ஆய்வாளர்கள் உட்படப் பலர் அளந்து, ஆங்கில ஆய்விதழ்களில் கட்டுரையாக வெளியிட்டிருக்கிறார்கள்.

இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். ஆய்வு நடந்திருக்கிறது. உள்நாட்டு ஆய்வுதான். நம் தெருவுக்கு வந்து, நம் கிணற்றில் மாதிரி எடுத்துச் செய்த ஆய்வு. முடிவு எங்கே போனது? உலகத்தின் ஏதோ ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் ஒருவர் அதைப் படித்துவிட்டார். நாகல்கேணியில் அந்தக் கிணற்றுக்குச் சொந்தக்காரப் பாட்டியிடம் தமிழில், ஒரு தாளில், "அம்மா, இதைக் குடிக்காதீங்க" என்று எழுதிக் கொடுத்தவர் உண்டா? குடிநீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது இந்தியத் தர நிர்ணயம். கரைந்த உப்புகள் 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியே இல்லை என்றால் 2,000 வரை. இந்த மூன்று எண்களும் நம் வார்டு அலுவலகச் சுவரில் எழுதப்பட்டிருக்க வேண்டியவை.

பதினைந்து கிலோமீட்டருக்குள் எத்தனை ஆய்வகங்கள்

நாம் உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து பதினைந்து கிலோமீட்டருக்குள் என்னென்ன இருக்கின்றன என்று ஒரு பட்டியல் போடுவோம். அடையாறில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம், 1948இலிருந்து. பக்கத்தில் ஐஐடி. தரமணியில் தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனத்தின் கிளை. பள்ளிக்கரணையில் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம். நடந்து போகும் தூரத்தில் குரோம்பேட்டை எம்.ஐ.டி.

இவர்கள் சும்மா இருக்கவில்லை. தோல் நிறுவனம், குரோமியம் ஏற்றும் கட்டத்தில் தண்ணீரே சேர்க்காத பதனிடும் முறையை உருவாக்கியிருக்கிறது. உப்பைக் குறைத்துத் தோலைக் காக்கும் முறைகளையும் உருவாக்கியிருக்கிறது. பள்ளிக்கரணை நிறுவனம் 2005இல் இலட்சத்தீவின் கவரத்தித் தீவில் நாளொன்றுக்கு 1 இலட்சம் லிட்டர் நன்னீர் தரும் நிலையத்தை அமைத்தது. கடல் மேற்பரப்பின் வெதுவெதுப்பான நீரைக் குறைந்த அழுத்தத்தில் ஆவியாக்கி, ஆழ்கடலின் குளிர்ந்த நீரால் அதைக் குளிர்வித்து நன்னீராக்கும் முறை. சவ்வு தேவையில்லை. ஐஐடியில் நீரிலிருந்து ஆர்செனிக்கைப் பிரிக்கும் பொருளை உருவாக்கினார்கள், அது வங்காளத்தில் பயன்பாட்டுக்கு வந்தது. இவை பெருமைப்பட வேண்டிய வேலைகள். வெளிநாட்டிலிருந்து வாங்கினால்தான் தரம் என்று நினைப்பவர்களுக்கு இதுதான் பதில்.

இன்னொரு பக்கம் பாருங்கள். சென்னைக்குத் தண்ணீர் போதவில்லை என்றதும் 2010இல் மீஞ்சூர், 2013இல் நெம்மேலி என்று கடல்நீரைக் குடிநீராக்கும் பெரிய நிலையங்கள் வந்தன. மீஞ்சூர் நிலையத்தில் ஸ்பெயின் நாட்டு நிறுவனம் ஒன்று பங்காளி. 2019இல் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்த பிறகு, மேலும் பெரிய நிலையங்களுக்கான வேலை வேகமெடுத்தது. நகரத்துக்குத் தாகம் எடுத்தால் பல நூறு கோடிகள் வந்துவிடுகின்றன, தொழில்நுட்பமும் வந்துவிடுகிறது. அந்தக் கரையில் கடலரிப்பு வந்துவிட்டது என்று சூளேரிக்காட்டுக்குப்பம் மீனவர்கள் சொன்னது மட்டும் எந்த நிபுணர் காதிலும் அவ்வளவு வேகமாக ஏறவில்லை.

திருப்பூரைப் பாருங்கள். சாயக் கழிவால் நொய்யல் செத்தது, ஒரத்துப்பாளையம் அணை சாயத் தொட்டியானது. உழவர்கள் விடாமல் வழக்கு நடத்தினார்கள். 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூட உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதற்குப் பிறகு என்ன நடந்தது? அதுவரை 'முடியாது' என்றது முடிந்தது. அருள்புரம் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில், பிரித்தெடுத்த உப்புக் கரைசலையே மறுபடியும் சாயம் ஏற்றப் பயன்படுத்தும் முறையைக் கொண்டுவந்தார்கள். கழிவு என்று கொட்டியது மூலப்பொருளானது. திருப்பூரிலேயே நடைமுறைக்கு வந்த வழி அது. அறிவு திடீரென்று வானத்திலிருந்து விழவில்லை. பூட்டு விழுந்தது, மூளை திறந்தது.

நான் சொல்ல வந்தது இதுதான், தோழர்களே. ஆராய்ச்சி, தேவை இருக்கும் இடத்துக்குத் தானாக வராது. பாதிக்கப்பட்டவர்களால் நெருக்கடி கொடுக்க முடிகிற இடத்துக்குத்தான் வரும். நிலம் வைத்திருந்த உழவர் நீதிமன்றத்துக்குப் போக முடிந்தது. நகரம் வாக்குப் பெட்டியைக் காட்ட முடிந்தது. யாரால் நெருக்கடி கொடுக்க முடியவில்லையோ, அவர்களுடைய தண்ணீர் ஆராய்ச்சித் தலைப்பாகவே ஆவதில்லை.

மூடிக்குக் கீழே

இதற்குச் சான்று மலக்குழி. தண்ணீர்ப் பிரச்சினை என்றால் நாம் குழாயில் வருவதை மட்டும் பேசுகிறோம். வீட்டை விட்டு வெளியே போவதும் தண்ணீர்தான். தாம்பரம் மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டாலும் நம் புறநகரில் இன்னும் எத்தனையோ வீடுகள் செப்டிக் டேங்கை நம்பித்தான் இருக்கின்றன. அது நிறைந்தால் லாரி வருகிறது. அடைத்துக்கொண்டால் மனிதரைத் தேடுகிறார்கள். எந்தத் தெருவில் போய்த் தேடுகிறார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் சட்டம் 1993இல் வந்தது. 2013இல் இன்னும் கடுமையான சட்டம் வந்தது. 2014இல் உச்ச நீதிமன்றம், இறந்தவர் குடும்பத்துக்கு 10 இலட்சம் இழப்பீடு என்றது. 2023இல் அதை 30 இலட்சமாக உயர்த்தியது. ஆனாலும் ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் வைத்த கணக்குகளில், 1993 முதல் நிகழ்ந்த மலக்குழி மரணங்களில் முதலிடத்தில் நிற்பது தமிழ்நாடு. பெரியார் மண்ணுக்கு இது வெட்கக்கேடு.

நிலவுக்கு 2008இலேயே ஆய்வுக்கலம் அனுப்பிவிட்டோம். ஆள் இறங்காமல் சாக்கடையைச் சுத்தம் செய்யும் 'பேண்டிகூட்' என்ற ரோபோவைக் கேரள இளைஞர்கள் திருவனந்தபுரத்தில் இறக்கியது 2018இல். கோழிக்கோட்டில் 2015இல் இரண்டு தொழிலாளர்களும், அவர்களைக் காப்பாற்ற இறங்கிய ஆட்டோ ஓட்டுநரும் இறந்த பிறகு பிறந்த முயற்சி அது. செப்டிக் டேங்கைச் சுத்தம் செய்யும் 'ஹோமோசெப்' கருவியைச் சென்னை ஐஐடி, சஃபாய் கர்மச்சாரி அந்தோலன் இயக்கத்தின் துணையோடு 2022இல் களத்துக்குக் கொண்டுவந்தது. நிலவின் பள்ளத்தைவிடத் தெருவின் பள்ளம் கடினமான அறிவியல் என்பதாலா பத்து ஆண்டுகளுக்கு மேல் பிந்தியது? இல்லை. மிகக் குறைந்த கூலிக்கு ஒரு சாதி கிடைக்கும் நாட்டில் எதற்கு இயந்திரம்? சாதி இருக்கும் வரை ரோபோவுக்குச் சந்தை இல்லை.

ஹோமோசெப் விஷயத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. மலக்குழியில் கணவரைப் பறிகொடுத்த பெண்கள் இருக்கும் சுய உதவிக் குழுக்களிடம் அந்தக் கருவி கொடுக்கப்பட்டது. சென்னைக் குடிநீர் வாரியமும் 2024இல், தூய்மைப் பணியாளர்களையே கழிவகற்றும் வாகனங்களுக்கு உரிமையாளர்களாக்கும் திட்டத்தைக் கொண்டுவந்தது. இங்கேதான் சரியான திசை தெரிகிறது. கருவி வந்தால் போதாது, சாவி யார் கையில் என்பதும் வேண்டும். இல்லையென்றால் ரோபோ முதலாளிக்கு, வேலையிழப்பு தொழிலாளிக்கு.

ஒரு சின்ன பாட்டில்

இனி ஒரு சின்ன பாட்டிலைப் பற்றிச் சொல்கிறேன். 1982இல் மஞ்சா என்ற அறிவியலாளரும் அவருடைய சகாக்களும் குவாலியரில் இருந்த இராணுவ ஆய்வகத்தில் உருவாக்கியது. பாட்டிலுக்குள் வேதிப்பொருள் தோய்த்த ஒரு தாள். சோதிக்க வேண்டிய தண்ணீரை அதில் ஊற்றி மூடி, வெதுவெதுப்பான இடத்தில் ஒன்றிரண்டு நாள் வைத்தால் போதும். தண்ணீர் கறுத்துவிட்டால் அதில் மலக்கழிவு கலந்திருக்கக் கூடும் என்று பொருள். மின்சாரம் வேண்டாம், நுண்ணோக்கி வேண்டாம், பட்டம் வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்விதழில் வெளியாகிப் பல நாடுகளில் பயன்படுத்தப்பட்டது. 'எச்2எஸ் பாட்டில்' என்று சொல்வார்கள். எனக்குத் தெரிந்து, ஏழைகளின் கையில் கொடுக்கத்தக்க இந்தியக் கண்டுபிடிப்பு இதைவிட வேறொன்று இல்லை.

இதை மனதில் வைத்துக்கொண்டு 2022 டிசம்பருக்குப் போவோம். புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயல். தலித் மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கிடந்தது. குழந்தைகளுக்குக் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் வந்து, மருத்துவர் தண்ணீரைப் பாருங்கள் என்று சொன்ன பிறகுதான் தொட்டியில் ஏறிப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு அறிவியல் வேங்கைவயலுக்கு வந்தது. எதற்காக வந்தது? தொட்டியைக் காப்பதற்கா? இல்லை, மக்களிடம் மரபணுச் சோதனைக்கு இரத்தம் எடுக்க. 2025 ஜனவரியில் அந்த ஊர்த் தலித்துகளில் மூவர் மீதே குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தார்கள். அந்த மக்கள் அதை ஏற்கவில்லை. எந்த அறிவியல் நமக்காக வருகிறது, எந்த அறிவியல் நம் மீது வருகிறது என்பதைப் பிரித்துப் பார்க்க வேங்கைவயல் கற்றுக்கொடுத்தது.

பக்கத்தில் வருவோம். 2024 டிசம்பரில் பல்லாவரம் மலைமேடு பகுதியில் வாந்தி, வயிற்றுப்போக்கால் பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். உயிரிழப்பும் நேர்ந்தது. குடிநீரில் கழிவுநீர் கலந்துவிட்டது என்று மக்கள் சொன்னார்கள். குடிநீர் காரணமல்ல என்று அரசுத் தரப்பு மறுத்தது. யார் சொன்னது சரி என்று தீர்ப்பளிக்க நான் வரவில்லை. நான் கேட்பது ஒன்றுதான். நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே இந்தியர்கள் கண்டுபிடித்த அந்தப் பாட்டில், அந்தத் தெருவில் முந்தின வாரம் இருந்திருந்தால்? யாரும் யாரையும் நம்ப வேண்டியிருக்காது. கறுத்ததா இல்லையா என்று எல்லோரும் கண்ணால் பார்த்திருக்கலாம்.

'முன்னோர் அறிவு' என்னும் போர்வை

இன்னொரு பக்கத்திலிருந்து ஒரு குரல் வரும். ஆராய்ச்சியெல்லாம் எதற்கு, நம் முன்னோர் ஏரி வெட்டினார்கள், குடிமராமத்துச் செய்தார்கள், அதைத் திரும்பக் கொண்டுவந்தால் போதும் என்பார்கள். செங்கல்பட்டு ஏரி மாவட்டம் என்று பெயர் வாங்கிய மாவட்டம். ஏரிகள் அருமையான தொழில்நுட்பம், அதில் சந்தேகமில்லை. ஒரு ஏரியின் கலங்கல் வழிந்து அடுத்த ஏரிக்குப் போகும் அந்தச் சங்கிலியை அறுத்து, நடுவில் சாலை போட்டுக் குப்பை கொட்டியதால்தான் பல்லாவரம் பெரிய ஏரி இன்று இருக்கும் நிலையில் இருக்கிறது. அவற்றை மீட்க வேண்டும்.

ஆனால் ஏரியைப் பாடும்போது, மதகைத் திறந்து மூடியவர் யார், இரவில் மடையைக் காத்தவர் யார், கரை உடையும்போது முதலில் மண் சுமந்தவர் யார் என்றும் சொல்ல வேண்டும். நீர்க்கட்டி, கம்புகட்டி என்று பல பெயர்களில் அந்த வேலையைச் செய்தவர்கள் பெரும்பாலும் தலித்துகள். எந்த வயலுக்கு எத்தனை நாழிகை என்ற கணக்கு அவர்கள் தலையில் இருந்தது. ஏரித் தண்ணீரில் பாயும் நிலம் அவர்கள் பெயரில் இல்லை. முன்னோர் அறிவைக் கொண்டாடுங்கள், ஆனால் அந்த முன்னோரின் பெயரைச் சொல்லிக் கொண்டாடுங்கள். நமக்குப் பழைய ஏரி வேண்டும், பழைய ஊர் வேண்டாம்.

இரண்டு பேர்

இந்தியாவில் நவீன நீர் ஆராய்ச்சிக்கும் திட்டமிடலுக்கும் அடித்தளம் போட்டவர்களில் இரண்டு பேரை நீங்கள் அறிந்துகொள்ள வேண்டும். ஒருவர் இயற்பியலாளர் மேக்நாத் சாகா. இன்றைய வங்கதேசத்தில், சிறிய மளிகைக் கடைக்காரரின் மகன். கல்கத்தாவில் படித்தபோது விடுதியில் சாதி காரணமாக ஒதுக்கப்பட்டவர். நட்சத்திரங்களின் ஒளியைப் படிக்கும் சமன்பாட்டைத் தந்து உலகப் புகழ்பெற்ற அவர், வெள்ளத்தில் தவித்த மக்களுக்கு நிவாரண வேலை செய்த அனுபவத்திலிருந்து, ஆறுகளை ஆராய இந்தியாவிலேயே ஆய்வகம் வேண்டும் என்று இருபது ஆண்டுகள் எழுதினார், போராடினார். 1943இல் வங்காளத்தில் ஆற்று ஆராய்ச்சி நிறுவனம் வந்தது.

அதே 1943இல் தாமோதர் ஆறு பெருவெள்ளத்தில் கரை உடைத்தது. அப்போது வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையோடு பாசனத்தையும் மின்சாரத்தையும் பார்த்துக்கொண்டவர் அண்ணல் அம்பேத்கர். 1942 முதல் 1946 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். தாமோதர் பள்ளத்தாக்குத் திட்டமும் ஹிராகுட் திட்டமும் உருப்பெற்றது அவருடைய காலத்தில். 1945இல் அமைக்கப்பட்ட மத்திய நீர்வழிகள், பாசன, கப்பல் போக்குவரத்து ஆணையம்தான் இன்றைய மத்திய நீர் ஆணையத்தின் தாய். வெள்ளத்தை வெறும் தொல்லையாகப் பார்க்காதீர்கள், அது மக்களின் செல்வம், அதைத் தேக்குங்கள் என்பது அவருடைய வாதம். பின்னாளில் பெரிய அணைகள் பழங்குடி மக்களை எப்படித் துரத்தின என்ற கேள்வியையும் நாம் சேர்த்தே கேட்க வேண்டும். அதைக் கேட்பதும் அம்பேத்கரியம்தான்.

குளத்தில் தண்ணீர் குடிக்கவிடாமல் தடுக்கப்பட்ட சமூகத்திலிருந்து வந்தவர், பதினாறு ஆண்டுகள் கழித்து ஒரு நாட்டின் ஆறுகளுக்குத் திட்டமிட்டார். மகதையும் தாமோதரையும் பிரித்துப் படிக்கக் கூடாது. தண்ணீரின் மீது உரிமை, தண்ணீரைப் பற்றிய அறிவு, இரண்டும் ஒரே போராட்டம்.

நாம் என்ன செய்யலாம்

பேசிவிட்டுக் கலைந்து போக நாம் கூடவில்லை. செய்யக்கூடிய நான்கு வேலைகளைச் சொல்லி முடிக்கிறேன்.

முதலாவது, அளவெடுப்போம். எச்2எஸ் பாட்டிலும், உப்பை அளக்கும் சின்னக் கருவியும் வாங்குவது நமக்குப் பெரிய செலவில்லை. கோடையில் ஒரு முறை, மழைக்காலத்தில் ஒரு முறை, தெருத் தெருவாகக் குழாயையும் கிணற்றையும் சோதித்து, முடிவைத் தமிழில் அச்சடித்து அந்தந்தத் தெருவில் ஒட்டுவோம். குரோமியத்தை இந்தக் கருவிகளால் அளக்க முடியாது, அதற்கு ஆய்வகம் வேண்டும். எம்.ஐ.டி.யிலும் ஐஐடியிலும் படிக்கும் தோழர்கள் அங்கேதான் தேவைப்படுகிறார்கள்.

இரண்டாவது, கேட்போம். மாநகராட்சியும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் எடுக்கும் நீர்ச் சோதனை முடிவுகள் வார்டு வாரியாக எங்கே? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு, பத்து ரூபாய்க் கட்டணம். பதில் வராவிட்டால் மேல்முறையீடு. கிராமசபை போல மாநகராட்சிகளிலும் பகுதி சபைகள் இருக்கின்றன, அங்கே எழுந்து கேளுங்கள். நம் வார்டில் கழிவகற்ற எத்தனை இயந்திரங்கள், எத்தனை பேருக்குப் பாதுகாப்புக் கருவிகள் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

மூன்றாவது, நுழைவோம். ஐஐடிகளின் பேராசிரியர் பணியிடங்களில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் உரிய இட ஒதுக்கீடு இன்றுவரை நிரம்பவில்லை. ஆராய்ச்சிக்கு எதை எடுப்பது, யாருக்கு நிதி தருவது என்று முடிவெடுக்கும் மேசையில் மலக்குழியை அறிந்தவர் இல்லை என்றால், மலக்குழி ஆராய்ச்சிப் பொருளாகாது. உங்களில் சிலர் வேதியியல் படிக்கிறீர்கள், சிலர் இயந்திரப் பொறியியல். நல்ல சம்பளத்துக்குப் போங்கள், தவறில்லை. ஆனால் உங்களில் நான்கு பேராவது ஆராய்ச்சிக்குப் போங்கள். ஆய்வுத் தலைப்பைத் தேடி அலைய வேண்டாம், அது நாகல்கேணியில் இருக்கிறது.

நான்காவது, உரிமை கோருவோம். புதிய கருவி எது வந்தாலும் மூன்று கேள்விகள் கேளுங்கள். இதனால் யார் உயிர் பிழைக்கிறது? இது யாருக்குச் சொந்தம்? இது வேலை செய்கிறதா இல்லையா என்பதைச் சாதாரண மக்களே சோதித்துப் பார்க்க முடியுமா? மூன்றுக்கும் நல்ல பதில் இருந்தால் அது நம் தொழில்நுட்பம். பெட்டியின் மேல் மூவண்ணம் அச்சடித்திருப்பதால் மட்டும் அது உள்நாட்டுத் தொழில்நுட்பம் ஆகிவிடாது.

மகதில் அண்ணல் தாகத்துக்காக மட்டும் குளத்தில் இறங்கவில்லை. நாங்களும் மனிதர்கள் என்று நிலைநாட்டப் போனோம் என்றார். நம் கையில் இருக்கப்போகும் அந்தச் சின்ன பாட்டிலும் அதற்காகத்தான். வரும் ஞாயிற்றுக்கிழமை காலையில் முதல் தெருவைத் தொடங்குகிறோம். பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் வாசலில் இருக்கும் நோட்டில் எழுதிவிட்டுப் போங்கள்.